அடுத்த செல்டாவுல டஞ்சன் எத்தனை, அடி எவ்ளோ? வாசகர் கேள்விகள்

போன இதழ்ல "அடுத்த ஓப்பன் வேர்ல்டு செல்டா எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க, எழுதுங்க"ன்னு ஒரே ஒரு வரி தான் போட்டேன், இன்பாக்ஸ் நிரம்பி வழியுது. புதுசா படிக்கறவங்களுக்கு, செல்டான்னா நின்டென்டோவோட சாகச வீடியோ கேம் சீரிஸ், ஓப்பன் வேர்ல்டுன்னா எங்க வேணா சுத்தலாம். எல்லாருக்கும் ரெண்டே கவலை தான், டஞ்சன் (புதிரும் சண்டையும் நிறைஞ்ச பெரிய கட்டடம்) ஒழுங்கா இருக்குமா, கஷ்டமா இருக்குமா. ஒரே கேள்விய பத்து பேரு கேட்டிருந்தா ஒண்ணா சேத்துட்டேன், கோச்சுக்காதீங்க. நின்டென்டோவுக்குள்ள எனக்கு ஆள் யாரும் கிடையாது, வந்த கேம்கள விளையாடி அடிபட்டத வச்சுத்தான் பேசறேன்.

கேள்வி: அண்ணா, பிரெத் ஆஃப் தி வைல்ட்ல நாலு டிவைன் பீஸ்ட் (டஞ்சனா இருக்கற ராட்சத மிருக மெஷின்), டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்ல அஞ்சு டெம்பிள். அடுத்ததுல எட்டு பெரிய டஞ்சன் கண்டிப்பா இருக்கும்னு எங்க குரூப்ல ஒருத்தன் சத்தியம் பண்றான். நடக்குமா?

எண்ணிக்கைய விடுங்க தம்பி. எட்டு வச்சாலும் இதே புலம்பல் தான் இருக்கும், ஏன்னு சொல்றேன். 2017-ல வந்த பிரெத்ல 120 ஷ்ரைன் (குட்டி புதிர் அறைங்க), 2023-ல வந்த டியர்ஸ்ல 152. பசிலுக்கு, அதாவது புதிருக்கு, பஞ்சமே இல்ல. ஆனாலும் முடிச்சவங்க நிறைய பேரு "டஞ்சன் விளையாடின மாதிரியே இல்லப்பா"ன்னாங்க, நானும் தான் சொன்னேன். குறை எண்ணிக்கையில இல்ல, வரிசையில இருக்கு.

பழைய செல்டாவுல நீங்க அஞ்சாவது டஞ்சன் வாசல்ல வந்து நிக்கும்போது உங்க கையில வில் இருக்கும், பாம் இருக்கும், ஹுக்ஷாட் (கொக்கி விட்டு இழுத்துட்டு போற கருவி) இருக்கும், இதையெல்லாம் எப்படி யூஸ் பண்றதுன்னு அடிபட்டு கத்துக்கிட்டு வந்திருப்பீங்கன்னு அத டிசைன் பண்ணவருக்கு நல்லா தெரியும், அதனால அந்த நாலு பாடத்தையும் ஒண்ணா போட்டு முறுக்கி ஒரு கணக்கு குடுப்பாரு. எந்த டஞ்சனுக்கு வேணா முதல்ல போங்கன்னு திறந்து விட்டுட்டா என்ன ஆகும்? ஒவ்வொரு டஞ்சனும் யாரோ ஒருத்தருக்கு முதல் டஞ்சன். அப்போ எல்லாத்தையுமே முதல் பாடம் மாதிரி தான் வைக்கணும். நாலு தடவ ஒண்ணாங்கிளாஸ் படிச்ச மாதிரி.

பாஸ் (டஞ்சன் கடைசியில வர்ற பெரிய எதிரி) சண்டைய மட்டும் சமாளிச்சுடலாம். பிரெத்ல நீங்க எத்தனாவது பீஸ்ட்டுக்கு போறீங்களோ அதுக்கேத்த மாதிரி உள்ள இருக்கற பாஸோட ஹெல்த் ஏறும், அது வெறும் நம்பர். புதிர அப்படி ஏத்தி இறக்க முடியாது, ஒரு ரூம கட்டினா கட்டினது தான். கதைக்கும் இதே கதி. டியர்ஸ்ல முதல் நாலு டெம்பிள்ல எத முடிச்சாலும் ஒரு பழைய சேஜ் (ஞானி) வந்து அந்தக் காலத்து போர் கதைய சொல்லுவாரு, அடுத்த டெம்பிள்ல இன்னொருத்தர் வந்து கிட்டத்தட்ட அதே கதைய வார்த்தை மாத்தி சொல்லுவாரு. மூணாவது தடவ நான் ஃபோன நோண்ட ஆரம்பிச்சுட்டேன். எழுதினவங்கள திட்டியும் பிரயோஜனம் இல்ல, நீங்க எந்த சேஜ முதல்ல பார்ப்பீங்கன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்?

இது புது தலைவலியும் இல்ல. 2013-ல வந்த எ லிங்க் பிட்வீன் வேர்ல்ட்ஸ்ல ஐட்டத்தையெல்லாம் வாடகைக்கு விட்டு, பாதிக்கு மேல எந்த டஞ்சனுக்கு வேணா போலாம்னு பண்ணாங்க. அதுலயும் ஒவ்வொரு டஞ்சனும் ஒரு ஐட்டத்த சுத்தியே ஓடும், முன்னாடி கத்துக்கிட்டது பின்னாடி வந்து உதவறது ரொம்ப கம்மி.

சீரிஸ் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா டியர்ஸ் வந்த சமயத்துலயே இந்த ஓப்பன் ஸ்டைல் தான் இனிமே சீரிஸோட பாதைங்கற மாதிரி பேசிட்டாரு, அதனால பழையபடி நேர்கோட்டுக்கு திரும்புவாங்கன்னு கனவு காணாதீங்க. என் ஆசை என்னன்னா பாதி பூட்டு, பாதி திறப்பு. 1986-ல வந்த முதல் செல்டாவ பாருங்க, எங்க வேணா சுத்தலாம், ஆனா மூணாவது டஞ்சன்ல கிடைக்கற தெப்பம் இல்லாம நாலாவதுக்கு போகவே முடியாது. அந்த மாதிரி முதல் மூணு டஞ்சன் உங்க இஷ்டம், மூணும் முடிச்சா தான் அடுத்த கதவு திறக்கும், அந்தப் பக்கம் இருக்கற மூணும் "இவனுக்கு எல்லாம் தெரியும்"னு நம்பி கட்டினதா இருக்கணும். ஆறே போதும். உங்க ஃப்ரெண்டோட எட்டு எனக்கு வேணாம்.

கேள்வி: எல்லா டெம்பிள் பேரும் லீக் ஆயிடுச்சுன்னு ஒரு லிஸ்ட் சுத்துது. ஃபாரஸ்ட், ஃபயர், வாட்டர், ஷேடோ, ஸ்பிரிட். நம்பலாமா?

அது 1998-ல வந்த ஒகரினா ஆஃப் டைம்ல ஹீரோ பெரியவனா ஆனப்புறம் வர்ற அஞ்சு டெம்பிள், அப்படியே வரிசை கூட மாறல! யாரோ சோம்பேறி டைப் பண்ணியிருக்கான். ஆனா ஒரு வேடிக்கை பாருங்க, இதே லிஸ்ட்ட டியர்ஸ் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் விட்டிருந்தா அஞ்சுக்கு மூணு கரெக்டா இருந்திருக்கும், ஏன்னா அதுல விண்ட், ஃபயர், வாட்டர், லைட்னிங், ஸ்பிரிட். தண்ணியும் நெருப்பும் இல்லாத செல்டாவ தேடித்தான் கண்டுபிடிக்கணும். அதனால பேர வச்சு எந்த லீக்கையும் நம்பாதீங்க, உள்ள என்ன பண்ணணும்னு சொல்றானான்னு மட்டும் பாருங்க. டியர்ஸோட விண்ட் டெம்பிள் வானத்துல பறக்கற ஒரு கப்பல், இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா அவனுக்கு நானே மாலை போட்டிருப்பேன்.

கேள்வி: ஒகரினாவோட வாட்டர் டெம்பிள் மாதிரி ஒரு கொடுமை திரும்ப வேணும்னு சிலர் கேக்கறாங்களே, இவங்களுக்கு என்ன பிரச்சனை?

அந்த கொடுமைய அனுபவிச்சவன்ங்கற முறையில சொல்றேன், அதுல ரெண்டு விதமான கஷ்டம் கலந்து கிடக்கு. ஒண்ணு நல்ல கஷ்டம், தண்ணி மட்டத்த மூணு நிலையில மாத்தி மாத்தி மொத்த கட்டடத்தையும் மனசுல வச்சு யோசிக்கணும், அது தங்கம். இன்னொண்ணு கெட்ட கஷ்டம், அந்த இரும்பு பூட்ஸ மாட்டவும் கழட்டவும் ஒவ்வொரு தடவையும் கேம நிறுத்தி மெனுவுக்குள்ள போயிட்டு வரணும், ஒரு டஞ்சனுக்குள்ள எத்தனை தடவ! இதுக்காக அவோனுமா மன்னிப்பே கேட்டிருக்காரு. 2011-ல 3டிஎஸ்ங்கற கையடக்க கேம் மெஷினுக்கு திரும்ப போட்டப்போ பூட்ஸ டச் ஸ்கிரீன்ல ஒரு தட்டு தட்டினா மாறற மாதிரி ஆக்கிட்டாங்க, பசில் அதே தான், ஆனா எரிச்சல் முக்கால்வாசி காணாம போச்சு. நடு கோபுரத்துல மிதக்கற பிளாக்குக்கு அடியில ஒரு பாதை, அதுல ஒரு சாவி இருக்கும், அத பார்க்காம நான் ரெண்டு நாள் சுத்தினேன். ரெண்டு நாள். அத மட்டும் மன்னிக்க மாட்டேன்.

கேள்வி: ஆயுதம் உடையறத எடுத்துடுவாங்களா?

மாட்டாங்க.

கேள்வி: டியர்ஸ்ல ஹார்ட் மோடே கடைசி வரைக்கும் வரல. அடுத்ததுல முதல் நாளே வேணும்னு பெட்டிஷன் போடலாமான்னு யோசிக்கிறோம். நீங்க கையெழுத்து போடுவீங்களா அண்ணே?

எந்த மாதிரி ஹார்ட் மோடுன்னு முதல்ல எழுதிக் குடுங்க, அப்புறம் பேனா எடுக்கறேன். 2013-ல வந்த விண்ட் வேக்கர் எச்டியோட ஹீரோ மோட், 2024-ல வந்த எக்கோஸ் ஆஃப் விஸ்டமோட ஹீரோ மோட், ரெண்டும் ஒரே சமையல் தான், அடி டபுளா விழும், கீழ ஹார்ட் (உயிர ஏத்தற இதயம்) கிடைக்காது. முதல் ரெண்டு மணி நேரம் பயமா இருக்கும், அதுக்கப்புறம் ஹார்ட் ஏறிடும், பழைய கேம் ஆயிடும்.

பிரெத்துக்கு 2017 ஜூன்ல டிஎல்சியா (தனியா வாங்கற கூடுதல் பகுதி) வந்த மாஸ்டர் மோட் கொஞ்சம் மூளைய போட்டு பண்ணது, எதிரிங்க எல்லாம் ஒரு படி மேல இருப்பாங்க, வானத்துல மிதக்கற மேடைங்க மேல கேம்ப் போட்டிருப்பாங்க, கேக்க நல்லா தான் இருக்கும், ஆனா அடிக்கறத கொஞ்சம் நிறுத்தினா போன ஹெல்த் அவங்களுக்கு திரும்ப ஏறும், நமக்கோ கையில இருக்கற கத்தி உடைஞ்சுகிட்டே போகும், கடைசியில ஜனங்க என்ன பண்ணாங்க, சண்டையே போடாம சுத்திப் போக ஆரம்பிச்சாங்க. கஷ்டமாக்கறேன்னு விளையாட்டையே தவிர்க்க வச்சா அது என்ன டிசைன்?

உண்மையான ஓட்டை வேற இடத்துல இருக்கு. சாப்பாடு. சண்டை நடுவுல கேம நிறுத்தி, மெனுவுல உக்காந்து, இருபது தட்டு சாப்பிட்டுட்டு எழுந்து வரலாம், ஹார்ட்டின்னு பேர் ஆரம்பிக்கற பொருள் ஒண்ணு போட்டு சமைச்சா ஒரே தட்டுல முழு ஹெல்த். எதிரி எவ்ளோ பலமா அடிச்சா என்ன, உங்க பையில இருக்கற சாப்பாடு தீர்ற வரைக்கும் நீங்க சாகவே போறதில்ல. பிரெத்ல கண்ணுக்கு தெரியாம ஒரு பாயின்ட் கணக்கு ஓடுது, நீங்க எவ்ளோ பேர கொன்னீங்களோ அதுக்கேத்த மாதிரி சிவப்பு எதிரி நீலமாகி, கருப்பாகி, சில்வராகும். அருமையான ஐடியா தான், ஆனா அந்த மெனு சாப்பாடு முன்னாடி அதுவும் படுத்துடும். ஒரு சண்டைக்கு மூணு தட்டுன்னு ஒரு லிமிட் போடட்டும், இல்ல சாப்பிடும்போது நேரம் ஓடட்டும், ஹார்ட் மோடே தேவையில்லாம போயிடும்.

நிஜமாவே கஷ்டமா ஒரு இடம் அதே கேம்ல இருக்கே, ஈவன்டைட் தீவு. கால வச்சதும் உங்க துணி, ஆயுதம், சாப்பாடு எல்லாத்தையும் புடுங்கிட்டு மூணு உருண்டைய மூணு மேடையில வைன்னு விட்டுடுவாங்க. அங்க ஒரு மரக்கிளை கிடைச்சா கூட பொக்கிஷம். எதிரியோட ஹெல்த்த ஏத்தல, உங்ககிட்ட இருந்து எடுத்தாங்க, அவ்ளோ தான். டியர்ஸ்ல சில ஷ்ரைன்ல இதே மாதிரி உடைமைய எல்லாம் வாங்கி வச்சுட்டு உள்ள அனுப்புவாங்க, எனக்கு அந்த 152-ல அதுங்க தான் ஞாபகம் இருக்கு. ஒரு பெரிய டஞ்சன் முழுக்க இப்படி ஒண்ணு இருக்கணும்னு பெட்டிஷன் எழுதுங்க, முதல் கையெழுத்து என்னோடது.

கேள்வி: எல்டன் ரிங் கேம் 2022-லயே வழி காட்டிடுச்சே, அத அப்படியே காப்பி அடிச்சா முடிஞ்சது. எதுக்கு இவ்ளோ யோசனை?

பாதி சரி. எல்டன் ரிங்ல உலகம் உங்களுக்காக ஏறாது, இறங்காது. வெளிய வந்த உடனே குதிரை மேல ஒருத்தன் தங்கக் கவசத்தோட நிப்பான், போய் ஒரு அடி வாங்கினதும் "சரி, இவன அப்புறம் பார்த்துக்கலாம்"னு வேற பக்கம் நடப்பீங்க. சுதந்திரமும் இருக்கு, வரிசையும் இருக்கு, அந்த வரிசைய உங்க அடிபட்ட முதுகு சொல்லுது. ஸ்டார்ம்வெய்ல் மாதிரி பெரிய கோட்டைங்களும் பழைய டஞ்சன் பசிய தீர்க்கும்.

ஆனா அந்த கோட்டைங்களுக்கு நடுவுல இருக்கற சின்ன சின்ன கேட்டகோம்ப (பாதாள கல்லறை) எண்ணிப் பாருங்க, அதே சுவர், அதே லிவர், போன குகையில செத்த பாஸ் இங்க உயிரோட நிப்பான். அதுவுமில்லாம அங்க கஷ்டம்னா சண்டை தான், செல்டாவுல கஷ்டம்னா ரூம் நடுவுல நின்னு மேல பார்த்து "இப்ப என்ன பண்றது"ன்னு தலைய சொறியறது. முதல் விதத்துல லெவல் ஏத்திட்டு திரும்ப வரலாம். ரெண்டாவதுக்கு எந்த லெவல் ஏத்துவீங்க?

கேள்வி: நான் ஏழு வயசு பொண்ணோட உக்காந்து விளையாடறவ. நீங்க எல்லாரும் கஷ்டம் கஷ்டம்னு கேட்டு கேட்டு எங்களுக்கு இருக்கற ஒரே கேமயும் கெடுத்துடாதீங்க ப்ளீஸ்.

இந்த மெயில் வந்தப்புறம் மேல எழுதின பதில ஒரு தடவ திரும்ப படிச்சேன் அக்கா. நீங்க சொல்றது நியாயம். டியர்ஸோட ஃபயர் டெம்பிள்ல தண்டவாளத்துல வண்டி ஓட்டி போற மாதிரி பசில் வச்சிருப்பாங்க, நிறைய பேரு அத கண்டுக்காம சுவர் ஏறி, பலகைய ஒட்டி, நேரா மேல போயிட்டாங்க. எங்கள மாதிரி ஆளுங்க "டஞ்சன் உடைஞ்சு போச்சு"ன்னு கத்தினோம். ஆனா ஒரு சின்ன பொண்ணு தானா ஒரு பாலம் கட்டி அந்தப் பக்கம் போச்சுன்னா அது ஏமாத்து வேலையா என்ன, அவளுக்கு அது தான் விடை. அதனால மேல கேட்ட அந்த பாதி பூட்டுலயும் இது கெடாம பார்த்துக்கணும். ரூமுக்குள்ள எப்படி வேணா போகட்டும், எந்த ரூம் எப்ப திறக்கும்னு மட்டும் அவங்க முடிவு பண்ணட்டும். சாப்பாட்டு லிமிட்டயும் ஒரு ஆப்ஷனா வச்சுட்டா போதும், நான் ஆன் பண்ணிக்கறேன், நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா சாப்பிடுங்க.

கேள்வி: கேம் வந்ததும் முதல்ல எங்க போவீங்க?

கடைசி பாஸ் இருக்கற இடத்துக்கு. பிரெத்ல ஆரம்ப மேட்ட விட்டு இறங்கினதும் அங்க தான் போனேன், மூணு ஹார்ட்டோட. டிவைன் பீஸ்ட் நாலும் முடிச்சுட்டு போனா கடைசி பாஸ் கேனனோட ஹெல்த்ல பாதி போயிடும், ஒண்ணுமே முடிக்காம போனா அந்த நாலு பாஸையும் அங்கயே வரிசையா அடிச்சுட்டு தான் அவன பார்க்க முடியும், இதெல்லாம் அப்புறம் தெரிஞ்சுகிட்டது. எனக்கு அந்த பிரச்சனையே வரல, கோட்டைக்கு முன்னாடி இருக்கற மைதானத்துலயே ஒரு கார்டியன் (லேசர் சுடற மெஷின்) சிவப்பு லைட்ட நெஞ்சுல வச்சுட்டான்.