ஐந்து கிலோ குறைந்த பிறகா மருத்துவர்?

கேள்வி: வயது 42. ஆரம்பப் பள்ளியில் நான் ‘டாஃப்’ பிள்ளை, அதாவது எடை கூடிய மாணவர்களுக்கான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவள். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் மீ (நூடுல்ஸ்) சாப்பிடுவார்கள், நாங்கள் திடலைச் சுற்றி ஓடுவோம். இன்றும் திங்கட்கிழமை டயட், வியாழக்கிழமை பரோட்டா என்றுதான் ஓடுகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்துகொள்ளும் சிங்கப்பூரின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேரச் சொல்லிச் செய்தி வந்து ஒரு வருடமாகிறது. ஐந்து கிலோவாவது குறைத்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்று தள்ளிப்போடுகிறேன். ‘உன் உடம்பை முதலில் ஏற்றுக்கொள்’ என்கிறாள் தோழி. ஏற்றுக்கொண்டால் இன்னும் சோம்பேறியாகிவிட மாட்டேனா? – ஈசூன் வாசகி

பதில்: விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டலாம். மருத்துவர் பார்க்குமுன் உடம்பையுமா கூட்டிவைப்பது?

1992இல் தொடங்கி 2007இல் கைவிடப்பட்ட திட்டம் டாஃப். அதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் ‘ஃபேட்’ (குண்டு) என்று வரும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடிக்காமல் இருப்பார்களா? என் தம்பி மகனும் அந்த வரிசையில் நின்றவன்தான். ஓட்டம் என்றாலே இன்றும் முகம் சுளிப்பான். உடற்பயிற்சியைத் தண்டனையாகப் பழகிய உடம்பு அதைத் தானாகத் தேடிப் போகாது. அது சோம்பல் இல்லை.

திட்டுவதால் பலன் உண்டென்றால், முப்பது வருடமாக உங்களை நீங்களே திட்டியதற்கு இந்நேரம் தெரிந்திருக்க வேண்டுமே! வியாழக்கிழமை இரண்டு பரோட்டா சாப்பிடுகிறீர்கள். ‘சே, நான் உருப்படமாட்டேன்’ என்றதும் அடுத்து வருவது ‘போனது போச்சு’. அப்புறம் மூன்றாவது, நான்காவது. திட்டாவிட்டால் இரண்டோடு நிற்க வாய்ப்பு உண்டு. தன்மீது பரிவு பற்றி ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் சொல்வதும் இதை ஒட்டியதுதான்: தவறினால் தோழியிடம் பேசுவதுபோல உங்களிடமே பேசுங்கள், இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள், வருத்தத்தை மறைக்கவும் வேண்டாம், ஊதிப் பெருக்கவும் வேண்டாம்.

ஆனால் ஏற்றுக்கொள்வது என்றால் கண்ணை மூடிக்கொள்வது அல்ல. இங்கே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23 தாண்டினாலே ஆபத்து கூடுவதாகக் கணக்கு. அதிலும் நம் இந்தியர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை வரலாம். அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம், எடை எதுவானாலும். குடியுரிமை உள்ளவர் என்றால் திட்டத்தில் சேர்ந்ததும் மருத்துவருடன் முதல் சந்திப்பு இலவசம். எடை பார்க்கும்போது எண்ணைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் தாதியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நில்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிறருக்குத் தெரியாமல் அளவு மீறிச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

வாரம் 150 நிமிட நடை போதும். திடலில் வேண்டாம், அது பழைய புண். மாலையில் ஈசூன் குளத்தைச் சுற்றித் தோழியோடு அரட்டை அடித்துக்கொண்டே நடங்கள். தே சி (பால் தேநீர்) குடிப்பதானால் கோசோங், அதாவது சர்க்கரை வேண்டாம், என்று சேர்த்துச் சொல்லுங்கள். ‘இளைத்ததும் போடலாம்’ என்று அலமாரியில் தொங்கும் சுடிதார்களை யாருக்காவது கொடுத்துவிட்டு, தேக்கா கடைகளில் இன்றைய அளவுக்கு இரண்டு எடுங்கள். தீபாவளிக்கு அத்தை ‘உடம்பு போட்டுடுச்சே’ என்பார். ‘ஆமா அத்தை, முறுக்கு எங்கே?’ என்று கேளுங்கள்.