‘நீங்கள் வாங்கவில்லை, ஆதரித்தீர்கள்’ என்று சொல்லிப் பணத்தைத் தர மறுக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது, இரண்டு காதும் மந்தம். போன வருடம் பிப்ரவரியில் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ‘இந்திய இளம் பொறியாளர்கள் கண்டுபிடித்த ஏஐ செவித்துணைக் கருவி, உற்பத்தி தொடங்க மக்களிடம் நிதி திரட்டுகிறோம், முதலில் ஆதரிப்பவர்களுக்குப் பாதி விலை’ என்று போட்டிருந்தார்கள். நான் நம்பிப் பார்க்கும் ஒரு யூடியூபரும் அதைப் புகழ்ந்து பேசினார். யுபிஐ மூலம் 8,499 ரூபாய் அனுப்பினேன். மூன்று மாதத்தில் வரும் என்றார்கள், அக்டோபரில்தான் வந்தது. காதில் வைத்தால் ஒரே இரைச்சல். மேலே ஒட்டியிருந்த பெயர் ஸ்டிக்கர் ஒரு வாரத்தில் உரிந்தது, அடியில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் தேடினால் அதே பொருள் ஆன்லைனில் 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. பணத்தைக் கேட்டால், ‘நீங்கள் வாடிக்கையாளர் அல்ல, ஆதரவாளர். பணம் திரும்பக் கிடையாது. வழக்கு என்றால் டெல்லி நீதிமன்றத்தில்தான்’ என்று மெயில் வந்தது. காவல் நிலையத்தில் ‘இது சிவில் விஷயம்’ என்று அனுப்பிவிட்டார்கள். என்னைப் போல் 60 பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். இப்போது கம்பெனி, பொருளைத் திருப்பி அனுப்பி ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் 2,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. வாங்கிக்கொள்வதா? வீட்டில், படித்தும் ஏமாந்துவிட்டாய் என்கிறார்கள்.
(பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: சட்டத்துக்கு முன்னால் ஒன்று. அந்தக் கருவியை அப்பா இனிமேல் காதில் வைக்க வேண்டாம். 900 ரூபாய்க் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி கூட்டிக் கொடுக்கும். எந்த அலைவரிசை கேட்கவில்லையோ அதை மட்டும் கூட்டுவதுதான் செவித்துணைக் கருவியின் வேலை. அதற்கு முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்புத்திறன் பரிசோதனை எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுக்கலாம். அந்த அறிக்கை உங்கள் வழக்குக்கும் உதவும், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏமாந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்ற நிறுவனம் ‘ஃப்ரீடம் 251’ என்று 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் அறிவித்தது. கோடிக்கணக்கானோர் பதிவு செய்ததாக நிறுவனமே சொன்னது. பத்திரிகையாளர்கள் கையில் கொடுத்த மாதிரி போனில் ‘ஆட்காம்’ என்ற வேறொரு கம்பெனியின் பெயரை ஒயிட்னர் பூசி மறைத்திருந்தார்கள், பின்பக்கம் ஸ்டிக்கர். உங்கள் வீட்டில் உரிந்த ஸ்டிக்கருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த அறிவிப்பு நாட்டின் தலைநகரில் மேடை போட்டு நடந்தது. விவரம் தெரிந்தவர்களும்தான் அதை நம்பினார்கள்.

சரி, உங்கள் முக்கியமான கேள்வி. ‘ஆதரவாளர்’ என்று பெயர் வைத்துவிட்டால் நீங்கள் நுகர்வோர் இல்லாமல் போய்விடுவீர்களா? மாட்டீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7) பார்ப்பது ஒன்றைத்தான்: பணம் கொடுத்துப் பொருள் வாங்கினீர்களா, அதுவும் மறுவிற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கா? ஆன்லைனில் வாங்குவதும் இதில் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டுப் பொருளுக்குக் காத்திருந்தாலும் அது வாங்குதல்தான்.

நிதி திரட்டல் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு நீங்கள் 500 ரூபாய் அனுப்பினால் அது நன்கொடை. பதிலுக்கு எதுவும் எதிர்பார்க்கவில்லை, அதனால் நுகர்வோர் வழக்கு வராது. பொய் சொல்லி வாங்கியிருந்தால் குற்ற வழக்கு வரும். பங்கு தருகிறோம், லாபம் தருகிறோம் என்றால் அது முதலீடு. அப்படி இணையத்தில் பொதுமக்களிடம் பங்குப் பணம் திரட்டும் தளங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2016-லேயே எச்சரித்திருக்கிறது. மூன்றாவது உங்களுடையது: இவ்வளவு பணம், இந்தப் பொருள், இத்தனை மாதத்தில். உங்களிடம் உள்ள ரசீது மெயிலில் பொருளின் பெயர், எண்ணிக்கை, அனுப்பும் முகவரி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது விற்பனைதான், தலைப்பில் என்ன வார்த்தை இருந்தாலும் சரி.

வெளிநாட்டிலும் இதே வாதத்தை வைத்துப் பார்த்தார்கள். கிக்ஸ்டார்டர் என்பது மக்களிடம் நிதி திரட்ட உதவும் அமெரிக்க இணையதளம். ‘கிக்ஸ்டார்டர் ஒரு கடை அல்ல’ என்று அந்தத் தளமே 2012-ல் அறிவித்தது. அதே வருடம் அந்தத் தளத்தில், சீட்டுக்கட்டு அச்சிட்டுத் தருவதாக 810 பேரிடம் 25,146 டாலர் திரட்டிய ஒரு நிறுவனம் பொருளை அனுப்பவில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அரசு 2014-ல் அதன் மீது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்தான் வழக்குப் போட்டது. மறு வருடம் அபராதம், செலவுத் தொகை எல்லாம் சேர்த்து 54,000 டாலருக்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. அந்தத் தீர்ப்பு நம் நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ‘ஆதரவாளர்’ என்ற சொல் அங்கேயும் கவசமாகிவிடவில்லை என்பதைக் காட்டும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சீனாவில் மொத்தமாக வாங்கித் தன் பெயரைப் போட்டு விற்பது அதுவாகவே குற்றம் அல்ல. பல நல்ல கம்பெனிகளும் செய்கின்றன. நேர்மையாக முயன்று தோற்றுப்போகிற திட்டமும் மோசடி அல்ல. உங்கள் விஷயத்தில் தவறு எங்கே என்றால், ‘நாங்களே கண்டுபிடித்தோம், உற்பத்திக்குப் பணம் தேவை’ என்று சொன்ன இடத்தில். ஏற்கெனவே கடையில் விற்கும் பொருளுக்குக் கண்டுபிடிப்பும் கிடையாது, உற்பத்திக்கு நிதியும் தேவையில்லை. அந்தப் பொய்யைச் சுற்றித்தான் மனு எழுதப்பட வேண்டும். ‘தரம் சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் சர்வீஸ் செய்து தருகிறோம் என்று இழுத்தடிப்பார்கள். பொருளின் மூலம், தரம் பற்றிப் பொய் சொல்லி விற்பது பிரிவு 2(47)-ன்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதும் அதே பிரிவில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

அடுத்து டெல்லி. பிரிவு 34-ன்படி, புகார்தாரர் வசிக்கிற அல்லது வேலை செய்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம் இது, பழைய சட்டத்தில் கிடையாது. ஆகவே உங்களுக்கு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அவர்களுடைய நிபந்தனைகளை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று ரத்து செய்யச் சொல்லிக் கேட்டால் அது மாநில ஆணையத்தின் அதிகாரம், மாவட்ட ஆணையம் கை வைக்காது. அதனால் அந்த வார்த்தையைக் கோரிக்கையில் எழுதாதீர்கள். முறையற்ற வணிக நடைமுறை, பொருள் குறைபாடு, பணம் திரும்ப வேண்டும், இழப்பீடு வேண்டும், இதோடு நிறுத்துங்கள்.

8,499 ரூபாய்க்கு வழக்கா என்று தயங்குவீர்கள். பொருளுக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைக்க வேண்டியதில்லை, நீங்களே வாதாடலாம். நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலி மூலம் ஆஜராகவும் கேட்கலாம். எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும், பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். காலக்கெடு இரண்டு வருடம். பொருள் வந்த நாளிலிருந்து கணக்கிட நல்ல வாதம் உண்டு. ஆனாலும் பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பத்திரம்.

இனி சான்றுகள். நான் பார்த்த வரை இந்த மாதிரி வழக்குகள் தோற்பது சட்டத்தால் அல்ல, விளம்பரம் மறைந்துபோனதால். பணம் வந்ததும் பக்கத்தையே எடுத்துவிடுவார்கள். இன்றைக்கே அந்த விளம்பரம், யூடியூப் வீடியோ, நிபந்தனைப் பக்கம் எல்லாவற்றையும் தேதியும் முகவரியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், வீடியோவைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்களிடம் இல்லையென்றால் குழுவில் உள்ள 60 பேரில் யாரிடமாவது இருக்கும். 900 ரூபாய்க்கு விற்கும் பக்கத்தையும் அப்படியே எடுங்கள். முடிந்தால் அந்த 900 ரூபாய்ப் பொருளில் ஒன்றை பில்லோடு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஆணையத்தின் மேசையில் இரண்டும் சேர்ந்து இருந்தால் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. மின்னணுப் பதிவுகளுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-ன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், முன்பு 65பி என்று சொல்வோமே, அதேதான். அந்த மீதி ஸ்டிக்கரை முழுவதும் உரித்துவிடாதீர்கள், பாதி ஒட்டியபடியே இருக்கட்டும்.

பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-ன் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. இல்லையென்றால் தொழிலாளர் துறையில் எடையளவுச் சட்டத்தைப் பார்க்கும் ஆய்வாளரிடம் தனிப் புகார் கொடுக்கலாம். இன்னொன்று, இது உங்கள் வழக்கின் பெரிய பலம்: செவித்துணைக் கருவி ஒரு மருத்துவக் கருவி. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. ‘உங்கள் உரிம எண் என்ன?’ என்று கம்பெனிக்கு அனுப்பும் நோட்டீசில் ஒரு வரி கேளுங்கள். பதில் இல்லையென்றால் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். அப்பாவின் கேட்புத்திறன் அறிக்கை இங்கேதான் பயன்படும்: இவருக்கு உண்மையில் என்ன தேவை, வந்தது என்ன.

கம்பெனியின் உண்மையான முகவரி தெரியவில்லை என்றால், யுபிஐ பரிவர்த்தனையில் பணம் பெற்றவர் பெயர் இருக்கும். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் ஜிஎஸ்டி தளத்திலும், கம்பெனி என்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்திலும் பதிவு முகவரி கிடைக்கும். அந்த முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள், மெயிலிலும் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அது சமரச முயற்சிதான், தீர்ப்பு அல்ல. இருந்தாலும் சில கம்பெனிகள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடுகின்றன.

காவல் நிலையத்தில் சொன்னது பாதி சரி. தாமதமும் தரக்குறைவும் மட்டும் என்றால் சிவில்தான். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் அது மோசடிக் குற்றம்: பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 318(4), ஏழு வருடம் வரை தண்டனை. இல்லாத கண்டுபிடிப்பைச் சொல்லிப் பணம் வாங்கியதும், பெயரை மறைத்து ஸ்டிக்கர் ஒட்டியதும் அந்த எண்ணத்துக்குச் சான்று. எழுத்தில் மனு கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலனில்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். சைபர் குற்றங்களுக்கான 1930 எண், பணம் போன சில மணி நேரத்துக்குள் அழைத்தால்தான் கணக்கை முடக்க உதவும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஆனாலும் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதிந்து வையுங்கள், 60 பேரும் தனித்தனியாகப் பதிந்தால் பணம் போனது ஒரே கணக்குக்குத்தான் என்பது விசாரிப்பவருக்குத் தெரியும்.

அந்த 60 பேர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 35 இடம் தருகிறது, ஆணையத்தின் அனுமதி வேண்டும். என் அனுபவத்தில் அனுமதிக்கான வாதத்திலேயே மாதங்கள் போய்விடும். அவரவர் ஊரில் தனித்தனியாகப் போடுங்கள், சான்றுகளை மட்டும் பகிர்ந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் சேர்த்துச் செய்ய வேண்டியது வேறொன்று: பொய் விளம்பரம் பற்றிய புகார். இதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம், மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம் என்று பிரிவு 17 சொல்கிறது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து போய்க் கொடுங்கள். பொய் விளம்பரத்துக்குத் தயாரித்தவர் அல்லது தன் பெயரைப் போட்டு விற்றவர் மீதும், பரிந்துரைத்தவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். பரிந்துரைத்தவர் அதன் பிறகு ஒரு வருடம் வரை விளம்பரமே செய்யக் கூடாது என்றும் தடுக்கலாம். தகவலைச் சரிபார்த்துத்தான் பேசினேன் என்று அந்த யூடியூபர் நிரூபித்தால் தப்பிக்கலாம், அது அவர் பொறுப்பு. குழுவிலும் வெளியிலும் எழுதும்போது ‘திருடன்’ போன்ற வார்த்தைகள் வேண்டாம். எந்தத் தேதியில் என்ன கட்டினேன், என்ன வந்தது, என்ன பதில் தந்தார்கள் என்று மட்டும் எழுதுங்கள். உண்மையைப் பொதுநலனுக்காகச் சொல்வது அவதூறு ஆகாது.

எவ்வளவு கேட்கலாம்? 8,499 ரூபாய், கட்டிய நாளிலிருந்து வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. பத்து லட்சம் கேட்டு மனுவின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். உத்தரவு வந்தும் தராவிட்டால் பிரிவு 72 இருக்கிறது: ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும்.

கடைசியாக அந்த 2,000 ரூபாய். படிவத்தைப் படித்துப் பாருங்கள், ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். கையெழுத்துப் போட்டால் மீதி 6,499 ரூபாயைக் கேட்கும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்ததாகத்தான் வாதிடுவார்கள். அதைவிட மோசம், பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் ஸ்டிக்கரும் அடியில் உள்ள பெயரும் அவர்கள் கைக்குப் போய்விடும். கையெழுத்துப் போடாதீர்கள், பொருளையும் அனுப்பாதீர்கள். ‘முழுத் தொகையும் என் கணக்கில் வந்த பிறகு, உங்கள் செலவில் ஆள் அனுப்பிப் பொருளை எடுத்துக்கொள்ளலாம்’ என்று இரண்டு வரி மெயில் போடுங்கள். அதற்கு வரும் பதிலையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.