சமூகத் தலைவர்களால் உள்ளாட்சியில் வெளிப்படைத்தன்மையும் பொறுப்புக்கூறலும் உண்மையிலேயே வருமா, அல்லது அது மேடைப் பேச்சு மட்டும்தானா?

வரும். ஆனால் தலைவர் என்று நீங்கள் யாரை நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள் என்பது தெரியவில்லை. சால்வை போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்காருபவரை என்றால், அவரால் ஒரு துரும்பும் நகராது.

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பேரூராட்சியில் இருப்பவர் போலத் தெரிகிறது. சாலை போட்டு முடித்ததாகப் பலகை நிற்கும், சாலையைக் காணோம். கேட்கப் போனால், "உனக்கு எந்தக் கட்சிக்காரன் சொல்லிக் கொடுத்தான்?" என்பார்கள். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே கரும்புக் காட்டுக்கு நடுவில் ஒரு சிற்றூரில். ஐந்தாம் தலைமுறை. தமிழ் எழுதப் படிக்கக் கோவில் பள்ளிக்கூடத்தில் பழகினேன், பிறகு மதுரையில் சில காலம் தங்கிப் படித்தேன். ஊர்ப் பெயரையும் நகராட்சியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. பயந்துவிட்டான் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்வதில் சில விஷயங்கள் இன்னும் விசாரணையில் இருக்கின்றன.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் பெய்த மழை உங்கள் ஊர்ச் செய்தியிலும் வந்திருக்கும். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொங்காட் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அங்குள்ளவர்கள் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். எங்கள் பகுதியிலும் குழாய் வறண்டது. நகராட்சி தனியார் டேங்கர் லாரிகளை வாடகைக்கு எடுத்து அனுப்பியது. அனுப்பியதாகச் சொன்னது என்று எழுதுவதுதான் சரி. சில நாள் வரும், சில நாள் வராது. இரவு பதினொரு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டால் ஆணும் பெண்ணும் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். லாரிகளுக்கான பணம் மட்டும் ஒரு நாள்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அப்போது இரண்டு கட்சி. ஒரு பக்கம், சாலையில் டயரைக் கொளுத்தி மறியல் செய்வோம் என்றது. இந்த நாட்டில் அது பழகிப்போன வழி, தொலைக்காட்சிக்காரர்களும் உடனே வருவார்கள். இன்னொரு பக்கம், கவுன்சிலரைக் கூப்பிட்டு மரியாதையாகப் பேசுவோம் என்றது. எங்கள் பொருளாளர், சர்க்கரை ஆலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "லாரி வந்தால் தேதி, நேரம், வண்டி எண், எத்தனை வீடு பிடித்தது. வராவிட்டால் வரவில்லை என்று ஒரு வரி. ஒரு நாளும் விடக்கூடாது" என்றார். அந்த நோட்டு மூலைவீட்டு அக்காவிடம் போனது. லாரி நிற்பது அவர் வீட்டு வாசலில்தான்.

அதோடு நின்றிருந்தால் எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது. மேட்டில் உள்ள தகரக் குடிசைப் பகுதியில் சூலு என்ற ஆப்பிரிக்க மொழி பேசும் ஒரு கோகோ (பாட்டியம்மாவை இங்கே எல்லோரும் அப்படித்தான் அழைப்போம்) தன் பேத்தியை வைத்து இன்னொரு நோட்டு எழுதினார். "இந்தியர்கள் மட்டும்தான் எப்போதும் குறை சொல்கிறார்கள்" என்று சொல்லி எங்களைக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுவது எளிது. கேனோடு வரிசையில் நின்றவர்கள் எல்லா நிறத்திலும் இருந்தார்கள். இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், லாரி வராத நாள்கள் அப்படியே பொருந்தின.

பிறகுதான் நகராட்சியிடம் தாள் கேட்டோம். எங்கள் அரசியலமைப்பின் 32ஆம் பிரிவு அரசிடம் உள்ள தகவலைப் பெறும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. அதை நடைமுறைப்படுத்த 2000 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மறுத்துவிட்டதாகவே பொருள், அதன்மேல் நகராட்சியிலேயே மேல்முறையீடு செய்யலாம், பிறகு தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். எங்களுக்கு மேல்முறையீடு வரைக்கும் போக வேண்டியிருந்தது. கேட்டது ஒன்றே ஒன்று: எங்கள் வார்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததாக ஒப்பந்தக்காரர் கொடுத்த டிரிப் ஷீட்டுகளின், அதாவது லாரி நடைகளைப் பதியும் தாள்களின், நகல். "வெள்ள நிவாரணத்தில் நடந்த ஊழல் பற்றிய எல்லா விவரங்களும்" என்று கேட்டிருந்தால், இன்றுவரை கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்.

நகல் வந்தது. ஒவ்வொரு தாளிலும் எத்தனை நடை, எந்தத் தெரு, தண்ணீர் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்று கட்டங்கள். லாரி வராத நாள்களுக்கும் நடைக்கணக்கு இருந்தது. எங்கள் தெருவுக்கு நேரே, பெற்றுக்கொண்டவர் கட்டத்தில் மூலைவீட்டு அக்காவின் பெயரை ஆங்கிலத்தில் வளைத்து வளைத்து அழகாகப் போட்டிருந்தார்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கோவில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர். முதியோர் உதவித்தொகைக்கும் சரி, வங்கிக்கும் சரி, வாழ்நாள் முழுக்கத் தமிழில் மட்டுமே கையெழுத்துப் போடுபவர். அவருடைய அடையாள அட்டையிலும் தமிழ்க் கையெழுத்துத்தான் அச்சாகியிருக்கிறது. போலிக் கையெழுத்துப் போட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?

இந்தத் தாள்களை எங்கே கொண்டுபோவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எங்களிடம் 2003 ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. நிதியாண்டு ஜூன் 30 இல் முடியும். அடுத்த ஏழு மாதத்துக்குள் ஆண்டறிக்கையை மன்றத்தில் வைக்க வேண்டும். அந்த அறிக்கையை விவாதிக்கும் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், மக்கள் எழுதிக் கொடுத்ததைப் பேசவும் மக்களே எழுந்து பேசவும் போதிய நேரம் ஒதுக்க வேண்டும் என்று 130ஆம் பிரிவு சொல்கிறது. இப்படி ஒரு பிரிவு இருப்பதே எங்கள் கவுன்சிலர்கள் பலருக்குத் தெரியாது. நாங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனோம்.

கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, "மற்றவர் கணக்கைக் கேட்கிறீர்களே, முதலில் உங்கள் சங்கத்தின் கணக்கைக் காட்டுங்கள் பார்க்கலாம்" என்றார். பெரியவர் ஒன்றும் பேசாமல் பையிலிருந்து கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். சந்தா வரவு, நகல் எடுத்த செலவு, பெட்ரோல், வங்கி இருப்பு எல்லாம் அதில் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மளிகைக் கடை வாசலில் ஒட்டும் அதே தாள்கள்தாம். அந்த உறுப்பினர் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் பார்த்த கூட்டங்களில் எனக்கு மனம் குளிர்ந்த இடம் அதுதான். சூலுவில் கோகோவும் தமிழும் ஆங்கிலமும் கலந்து அக்காவும் பேசினார்கள். அக்கா தன் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

விளைவு என்ன என்று கேட்பீர்கள். விஷயம், நகராட்சிச் செலவைச் சரிபார்க்கும் பொதுக்கணக்குக் குழுவுக்குப் போனது. அந்த ஒப்பந்தக்காரருக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. ஓர் அதிகாரி இடம் மாற்றப்பட்டார். டிரிப் ஷீட்டில் இப்போது வார்டு கமிட்டி உறுப்பினர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் சிறைக்குப் போகவில்லை, போன பணம் திரும்பி வரவில்லை. இவ்வளவுதானா என்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஆம், இவ்வளவுதான். 2021-22 நிதியாண்டில் நாட்டின் 257 நகராட்சிகளில் 38 மட்டுமே குறையில்லாத தணிக்கை அறிக்கை பெற்றன. அந்த நாட்டில் ஒரு தாளில் ஒரு கையெழுத்துக் கட்டம் சேர்ந்தது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. இதை எழுதினால், "நீ இன்ன கட்சிக்காரன்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். வார்டு கமிட்டியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலரே அதற்குத் தலைவர், கூட அதிகபட்சம் பத்துப் பேர். கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டிய குழுவுக்குக் கவுன்சிலரே தலைவர் என்றால் அதன் இலட்சணம் எப்படி இருக்கும்? நல்ல கவுன்சிலர் வாய்த்த வார்டுகளில் ஒழுங்காக நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன், மறுக்கவில்லை.

தனியாகப் போகாதீர்கள். இதை வீரம் பேசுபவர்கள் சொல்வதில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் மாகாணச் சுகாதாரத் துறையில் நிதி அதிகாரியாக இருந்த பபீதா தியோகரண், ஒரு மருத்துவமனையின் சந்தேகமான பணப் பட்டுவாடாக்களை நிறுத்தச் சொன்னவர், 2021 ஆகஸ்டில் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எங்கள் மாகாணத்தில் பீனிக்ஸ் பகுதியிலிருந்து போனவர். சுட்டவர்கள் 2023 இல் தண்டிக்கப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த பிறகு எங்கள் சங்கத்தில் எந்தக் கடிதமும் ஒருவர் பெயரில் போவதில்லை. செயற்குழு முழுவதும் கையெழுத்துப் போடும், நகல் ஒன்று வழக்கறிஞரிடம் இருக்கும். இதைக் கோழைத்தனம் என்பவர் தம் வீட்டு முகவரியைப் போட்டு எழுதிப் பார்க்கட்டும்.

இந்தச் சங்கம் கணக்கு ஒட்டுகிறது, எங்கள் கோவில் கமிட்டி ஒட்டுவதில்லை. உண்டியல் எண்ணியது எவ்வளவு, பந்தல் செலவு எவ்வளவு என்று கேட்டால், "சாமி காரியத்தில் சந்தேகப்படலாமா" என்று வாயை அடைக்கிறார்கள். சாமி கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன். தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர்கள் கொளுத்தும் வெயிலில் வெறுங்காலோடு நிற்க, கவுன்சிலருக்கும் அவர் கூட வந்தவர்களுக்கும் வரிசையாக மாலை போட்டு, ஆளுக்கு ஒரு பேச்சு. அன்று கழுத்தில் மாலை வாங்கியவரிடம் மறு வாரம் போய்க் கணக்குக் கேட்க எந்தக் கமிட்டித் தலைவருக்கு வாய் வரும்? இதே கோவில் மண்டபம் கட்சிக் கூட்டத்துக்கு இலவசம். நான் சனிக்கிழமை நடத்தும் தமிழ் வகுப்புக்கு மட்டும் மின்சாரச் செலவு என்று சொல்லி வாடகை கேட்கிறார்கள். பிள்ளைகள் வருவதே கைவிரலில் எண்ணும் அளவுதான், அதிலும் பாதிப் பேரைக் கிரிக்கெட் கொண்டுபோய்விடுகிறது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் எங்கேயாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

கணக்குக் கேட்பது நம் பண்பாட்டில் இல்லை, வெள்ளைக்காரன் பழக்கம் என்று ஒரு பெரிய மனிதர் என்னிடமே சொன்னார். 1860 நவம்பர் 16 இல் ட்ரூரோ கப்பலில் மதராசிலிருந்து முதல் கூலித் தொழிலாளர்கள் டர்பனுக்கு வந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து 1871 இல் மதராசுக்குத் திரும்பியவர்கள், முதலாளிகள் கூலியைப் பிடித்ததையும் அடித்ததையும் அங்குள்ள அதிகாரிகளிடம் புகாராகச் சொன்னார்கள். இந்திய அரசு மேற்கொண்டு ஆள் அனுப்ப மறுத்தது. எங்கள் பகுதியை அப்போது ஆண்ட நட்டால் காலனி அரசு வேறு வழியில்லாமல் 1872 இல் விசாரணைக் குழு அமைத்தது. குடியேறிய இந்தியர்களுக்கென்று ஒரு பாதுகாவலர் பதவி அதன் பிறகுதான் வந்தது. அந்தப் பாதுகாவலர்கள் எவ்வளவு பாதுகாத்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் வாக்கும் இல்லாத, எழுத்தும் தெரியாத கரும்பு வெட்டிகள் கேட்ட கணக்கு அது. வெள்ளைக்காரனிடமே கேட்டது.

இனி உங்கள் ஊருக்கு வருகிறேன். நான் ஊகித்தபடி உங்கள் பிரச்சினை சாலை என்றால், மனுவில் ஊழல் என்ற சொல்லே வேண்டாம். அந்தச் சாலைக்கான அளவுப் புத்தகத்தின் நகலை மட்டும் கேளுங்கள். எம் புக் என்பார்களே, அதுதான். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம், எந்தத் தேதியில் அளந்தார்கள் என்று பொறியாளர் கைப்பட எழுதிய பதிவு அதில் இருக்கும், அதை வைத்துத்தான் பில் பாஸாகும். நகலோடு பத்துப் பேர் டேப்பை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போங்கள், அவர்களில் இரண்டு பேராவது அடுத்த தெருக்காரர்களாக இருக்கட்டும். உங்கள் 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் பதிவேட்டைப் பார்க்க மட்டுமல்லாமல், நடக்கும் பணியை நேரில் பார்வையிடவும் போட்ட பொருளிலிருந்து சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை தருகிறது. எங்கள் சட்டம் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. எங்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால், வெள்ளத்துக்குப் பிறகு கட்டிய சிறு பாலத்தின் சிமெண்டிலிருந்து ஒரு துண்டை எப்போதோ ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருப்போம்.