உவரில் நின்ற வேரும் ஏமாற்றும் பச்சை ஒளியும்

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயம் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பூநகரி மொட்டைக்கறுப்பன் நெல் நாற்றுகளை உப்புக் கரைசலில் வைத்து, வேர் நுனியில் நைத்திரிக் ஒட்சைட்டு வாயு கூடுகிறதா என்று, அதைக் கண்டால் பச்சையாக ஒளிரும் டிஏஎஃப்-எஃப்எம் டைஅசற்றேற்றுச் சாயத்தால் பார்க்கிறேன். உப்புப் படாத வேரும் பச்சையாக ஒளிர்கிறது. சாயம் பழுதா? உப்பில் நின்ற வேரில் ஒளி கூடினால் அது நைத்திரிக் ஒட்சைட்டுத்தான் என்று எழுதலாமா?"

சாயம் பழுதாகியிருக்க வாய்ப்புக் குறைவு. ஈரம் பட்டுப் பழுதானால் அசற்றேற்றுப் பகுதி முன்கூட்டியே கழன்றுவிடும். அப்புறம் சாயம் கலத்துக்குள் நுழையாது, ஒளி குறையத்தான் செய்யும். நல்ல சாயம் உள்ளே போனதும் கலத்தின் எசுத்தரேசு நொதியங்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட, அது வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். உப்புப் படாத வேரிலும் நைத்திரேற்று ரிடக்டேசு நொதியம் கொஞ்சம் நைத்திரிக் ஒட்சைட்டை உண்டாக்கும். கலச்சுவருக்கும் சொந்த ஒளி உண்டு. சாயம் இடாத வேர் ஒன்றை அதே அமைப்பில் படம் எடுத்தால், எவ்வளவு ஒளி வேருடையது என்று தெரிந்துவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை தருகிறது. டிஏஎஃப் வகைச் சாயங்களை 1998 முதல் தோக்கியோப் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் நகானோவின் குழு உருவாக்கியது. டிஏஎஃப்-எஃப்எம் தனியே இருக்கையில் ஏறத்தாழ இருட்டு; வினைபுரிந்து திரையசோல் என்ற வடிவமாக மாறியதும் சுமார் 160 மடங்கு ஒளிரும். 495 நானோமீற்றர் ஒளியை வாங்கி 515-இல் பச்சையாகத் தரும். ஆனால் அது நைத்திரிக் ஒட்சைட்டை நேரே பிடிப்பதில்லை. நைத்திரிக் ஒட்சைட்டு ஒட்சிசனோடு சேர்ந்து உண்டாகும் இருநைதரசன் மூவொட்சைட்டையே பிடிக்கிறது. ஐதரசன் பேரொட்சைட்டும் பெரொட்சிடேசு நொதியமும் ஒன்றாக இருந்தால், நைத்திரிக் ஒட்சைட்டு இல்லாமலே இந்தவகைச் சாயம் ஒட்சியேற்றப்பட்டு ஒளிரும். விற்றமின் சி ஒட்சியேறி வரும் டீஐதரோ அசுக்கோபிக் அமிலமும் சாயத்தோடு வினைபுரிந்து பச்சை காட்டும். இப்போது உவரில் தவிக்கும் வேரை நினைத்துப் பாருங்கள். அங்கே பேரொட்சைட்டும் கூடும். சாயம் பொய் சொல்லக்கூடிய நிலைமையும், நீங்கள் உண்மையைத் தேடும் நிலைமையும் ஒன்றாகவே இருக்கின்றன.

அதனால் வேரைத் தொடுமுன் ஒரு நாள் ஒதுக்கி, கலமே இல்லாத சோதனை ஒன்று செய்யுங்கள். கலத்துக்கு வெளியே அசற்றேற்றை வெட்ட நொதியம் இல்லை என்பதால், அசற்றேற்று இல்லாத டிஏஎஃப்-எஃப்எம்-ஐயே இதற்கு எடுக்க வேண்டும். ஒரு குழாயில் சாயத்தோடு பேரொட்சைட்டும் பெரொட்சிடேசும், இன்னொன்றில் சாயத்தோடு நைத்திரிக் ஒட்சைட்டு வெளிவிடும் பொருள். முதல் குழாய் எவ்வளவு ஒளிர்கிறது என்பதைக் கண்ணால் கண்டபின் வேரின் படத்தை நீங்கள் வேறு விதமாகத்தான் பார்ப்பீர்கள். வெளிவிடும் பொருளாகச் சோடியம் நைத்திரோபுரூசைட்டை நான் பரிந்துரைப்பதில்லை. அது சயனைட்டையும் விடும். நோனோவேற்று வகை நல்லது.

வேரில் 4-அமினோபுளோரொசீன் டைஅசற்றேற்றை இணையாக வையுங்கள். பார்வைக்கு அதே குடும்பம், நைத்திரிக் ஒட்சைட்டோடு வினைபுரியாது. அதுவும் உப்பில் ஒளி கூடினால், கூடியது சாயம் உள்ளே ஏறிய அளவாகவே இருக்கலாம்.

நைத்திரிக் ஒட்சைட்டை அகற்றப் பயன்படும் கார்பொக்சி-பிடிஐஓ என்ற உறிஞ்சியைப் பலரும் கண்மூடி நம்புகிறார்கள். அது நைத்திரிக் ஒட்சைட்டை நைதரசன் ஈரொட்சைட்டாக்கும். அந்த ஈரொட்சைட்டு மீதமுள்ள நைத்திரிக் ஒட்சைட்டோடு சேர்ந்தால் சாயத்துக்குப் பிடித்த மூவொட்சைட்டே கிடைக்கும். எனவே ஒளி குறையாமல் கூடுவதும் உண்டு. குறைந்தால் அது ஒரு துணைச் சான்று. குறையாவிட்டால் எதையும் மறுக்காது.

ஊட்டக் கரைசலையும் கவனியுங்கள். நைத்திரேற்றில் வளர்ந்த நாற்றில் நைத்திரேற்று ரிடக்டேசு கூடும், அமோனியத்தில் வளர்ந்ததில் குறையும். இந்த இரண்டையும் ஒப்பிடுவது இத்தகைய இரசாயன உறிஞ்சிகளைவிட நேர்மையான சான்று என்பது என் எண்ணம். ஆனால் உப்பிட்டதும் இடாததும் ஒரே கரைசலில் வளர்ந்திருக்க வேண்டும். கிணற்று நீரில் கரைசல் கலக்காதீர்கள், காய்ச்சி வடித்த நீர் வேண்டும்.

வன்னி வெயிலுக்கு இன்னொன்று. சாயத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த கரைசலைச் சிறுசிறு குழாய்களாகப் பிரித்து, அலுமினியத் தாளால் சுற்றி இருட்டில் –20 பாகையில் வையுங்கள். ஒரே போத்தலை மீண்டும் மீண்டும் உருக்குவதும், கரண்ட் போய்க் குளிரூட்டி உருகுவதும் ஒரே கேடுதான். வழமையாக 5 முதல் 10 மைக்குரோமோலார், அரை மணி நேரம் இருட்டில், பின் நன்றாகக் கழுவி இன்னும் 15 நிமிடம் ஓய்வு. படம் எடுக்கும் ஒளியின் அளவும் நேரமும் எல்லா வேருக்கும் ஒன்றே.

உறுதியாக அறிய வேண்டுமென்றால் வேர்ச் சாற்றை, அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி கருவியில் விட்டு, திரையசோல் தனிச் சிகரமாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை உங்கள் வரைபின் அச்சில் "நைத்திரிக் ஒட்சைட்டு" என்று எழுதாமல் "டிஏஎஃப்-எஃப்எம் ஒளிர்வு" என்றே எழுதுங்கள்.