அமெரிக்காவில் அரசு ஒருவரின் வீட்டை எடுத்துத் தனியார் திட்டத்துக்குக் கொடுக்க முடியுமா?

முடியும். 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு வழிவிட்டது. அந்தத் தீர்ப்பு பெரும் தவறு என்பது என் உறுதியான எண்ணம்.

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ லண்டன் நகரில், ஆற்றோரமாக, சூசெட் கேலோ என்ற பெண்மணிக்கு இளஞ்சிவப்பு வண்ணத்தில் ஒரு சிறிய வீடு இருந்தது. பக்கத்திலேயே ஃபைசர் மருந்து நிறுவனம் ஆய்வுக்கூடம் கட்ட, அதையொட்டி ஓட்டலும் அலுவலகங்களும் கொண்டுவர நகர நிர்வாகம் திட்டமிட்டது. விற்க மறுத்தவர்களின் வீடுகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்த முனைந்தது. அவர்களில் ஒருவர் 1918-இல் அதே வீட்டில் பிறந்து, வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்த மூதாட்டி.

'பொதுப் பயன்பாட்டுக்கு' என்றால், உரிய இழப்பீடு தந்து சொத்தை எடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம். சாலை, பள்ளிக்கூடம் என்றால் நியாயம். ஆனால் வேலைவாய்ப்பும் வரி வருமானமும் பெருகுவதும் பொதுப் பயன்தான் என்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இனி எந்த வீட்டையும் வணிக வளாகத்துக்காகப் பறிக்கலாமே என்று மாறுபட்டு எழுதினார் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர். என் அச்சமும் அதுவே.

கேலோவின் வீட்டைப் பிரித்தெடுத்து, ஊருக்குள் வேறிடத்தில் மீண்டும் நிறுத்தினார்கள். 2009-இல் ஃபைசர் அந்த ஊரைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது. வீடுகள் இருந்த நிலம் பல ஆண்டுகள் புதர் மண்டிக் கிடந்தது.

மக்கள் கொதித்தெழுந்ததால் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் பின்னர் தம் சட்டங்களைத் திருத்தின. சில இடங்களில் திருத்தம் வலுவானது, சில இடங்களில் வெறும் பெயரளவே. ஆகவே உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை உங்கள் மாநிலச் சட்டமே முடிவுசெய்கிறது.