எட்டாம் வகுப்பிலேயே கல்லூரிப் பேச்சு எதற்கு?

"மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வை எழுத வைக்கச் சொல்லி வகுப்பாசிரியர் வற்புறுத்துகிறார். அவள் சுமாராகத்தான் படிப்பாள். தேறாவிட்டால் மனம் ஒடிந்துபோவாளோ என்று பயமாக இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய்க்காக இந்தச் சுமை தேவையா?" என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

எழுத வையுங்கள், அம்மா. உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இந்த உதவித்தொகையில் ஆண்டுக்கு 6,695 இடங்கள்தான். எழுதும் பிள்ளைகளின் எண்ணிக்கையோ லட்சத்தைத் தாண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்காது என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். அது தெரிந்து எழுதுகிற பிள்ளை, முடிவு வரும் நாளில் அவ்வளவு எளிதில் ஒடிந்துபோகாது. கிடைத்தால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள கணக்குக்கே வந்து சேரும். அதில் கை வைக்காமல் இருக்க முடிந்தால், கல்லூரியில் சேரும்போது யாரிடமும் கடன் கேட்டு நிற்க வேண்டியிருக்காது.

ஆனாலும் பணத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. நம் ஊர்களில் பல வீடுகளில் கல்லூரி என்ற பேச்சே பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த பிறகுதான் எழுகிறது. அதற்குள் பதினொன்றில் எந்தப் பிரிவு எடுத்தாள் என்பதே பாதி வழியைத் தீர்மானித்திருக்கும். இந்தத் தேர்வு அந்தப் பேச்சை நான்கு ஆண்டுக்கு முன்பே வீட்டுக்குள் கொண்டுவருகிறது. தேறினாலும் தேறாவிட்டாலும் அந்த லாபம் உங்களுக்கு உண்டு. அதனால்தான், முதல் ஐந்து பேரை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பும் பள்ளிகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண்ணும் (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50), பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமலும் இருந்தால் போதும், விண்ணப்பிக்கலாம். உங்கள் மகளின் ஆசிரியர் அவளையும் கூப்பிட்டிருக்கிறார் என்றால், அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

தேர்வு இரண்டு பகுதி. ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 90 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஒரு பகுதி அறிவியல், சமூக அறிவியல், கணக்குப் பாடங்களிலிருந்து வரும். மற்றது மனத்திறன் பகுதி. சுமாராகப் படிக்கிற பிள்ளைகள் பலர் இதில்தான் நம்மை வியக்க வைக்கிறார்கள். 2, 6, 12, 20 என்று எண்களைக் கொடுத்து அடுத்தது என்ன என்று கேட்பார்கள். இடைவெளி 4, 6, 8 என்று ஏறுகிறது, அடுத்தது 10, ஆகவே விடை 30. இதை மனப்பாடம் செய்ய முடியாது, பழகத்தான் வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இப்படி நாலு கேள்வியை அவள் உங்களுக்கு விளக்கட்டும். உங்களுக்கு விடை தெரியாமல் இருப்பதே நல்லது, விளக்குகிறவளுக்குத்தான் பாடம் பதியும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். இதற்கென்று பணம் கட்டித் தனிப்பயிற்சி வேண்டாம்.

அப்படி உட்காரும்போதே மற்றதையும் பேசுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் உயர்கல்விக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பட்டப்படிப்புக்கு மட்டுமின்றி பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்புக்கும் உண்டு. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் இருக்கிறது. அதில் தேர்வாகும் ஆயிரம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இளநிலைப் பட்டம் முடியும் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். உங்கள் வீட்டில் இதுவரை பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கலாம், தொழிற்படிப்புக் கலந்தாய்வில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். இவ்வளவையும் பதின்மூன்று வயதுப் பெண் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. நான் கல்லூரிக்குப் போகப் போகிறவள் என்ற எண்ணம் அவளுக்குள் உட்கார்ந்தால் போதும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பிள்ளை தேறிவிட்டாள் என்ற மகிழ்ச்சியில், நன்றாகப் படிக்கிறாளே என்று ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிற பெற்றோர் உண்டு. மாற்றினால் இந்த உதவித்தொகை நின்றுவிடும். புதுமைப் பெண் போய்விடும். 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் போய்விடும். மேலே தனியார் பள்ளிக் கட்டணம் வேறு. உறவினர்கள் யார் என்ன சொன்னாலும், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் மாற்றுச் சான்றிதழ் வாங்காதீர்கள்.

இனி காகித வேலை. தேர்வில் தேறியும் பணம் கைக்கு வராமல் போவது பெரும்பாலும் இங்கேதான். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் இன்ஷியல் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். கணினி ஏற்காது. மூன்றையும் இந்த வாரமே அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆதாரில் திருத்தம் வேண்டுமென்றால் இப்போதே செய்துவிடுங்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள், கடைசி நாள் கூட்டத்தில் சிக்க வேண்டாம். மகள் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கி ஆதாரை இணையுங்கள். தேர்வான பிறகும் ஒவ்வோர் ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். தேதி தவறினால் அந்த ஆண்டுப் பணம் போயிற்று. பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் பதினொன்றில் தொடரும், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு இதில் 5 விழுக்காடு தளர்வு உண்டு.

தேர்வு மையம் வேறு பள்ளியில் இருக்கலாம், யார் கூட்டிப்போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர்கள் சேர்த்து அழைத்துப்போவார்களா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். முடிந்தால் நீங்களும் போங்கள். திரும்பும்போது எத்தனை சரி, எத்தனை தவறு என்று கேட்க வேண்டாம். வழியில் அரசுக் கலைக் கல்லூரி இருந்தால் இறங்கி, என்னென்ன பாடப்பிரிவுகள் இருக்கின்றன என்று அறிவிப்புப் பலகையை அவளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.