புயலில் விழுந்த மரத்தைக் கிண்ணமாகக் கடைந்து கல் பதிக்க ஏன் இவ்வளவு விலை?

கேள்வி: புயலில் விழுந்த எங்கள் வீட்டு மாமரத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறோம். அதைக் கிண்ணமாகக் கடைந்து, விரிசலில் நீலக்கல் பதித்துக் கொடுப்பார்களாமே? விலை கேட்டால் தலை சுற்றுகிறது. ரெசின் பிசினை ஊற்றினால் போதாதா?

போதும். ரெசின் ஊற்றுகிறவர்கள் ஊற்றட்டும், யார் பிழைப்பையும் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் விலை கேட்டால் தலை சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் ஊரைவிட்டு வெளியே இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மரம் விழுந்தபோது வீட்டில் அம்மா அப்பா மட்டும் இருந்திருப்பார்கள். போனில் "ஒரு துண்டாவது எடுத்து வைங்கப்பா" என்று சொல்லியிருப்பீர்கள். அந்தத் துண்டு இப்போது திண்ணையோரம் கிடக்கும், அதன்மேல் கால்மிதி காயும். தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னிக்கவும். என்னிடம் கட்டை கொண்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கதை இதுதான்.

ஊத்தங்கரை பக்கம் எனக்கு ஒரு கடைசல் பட்டறை, அப்பா காலத்தது. கட்டில் கால், பூரிக்கட்டை, நடைவண்டிச் சக்கரம், மாடிப்படிக் கைப்பிடித் தூண், இவைதான் சோறு போட்டன, இன்றும் போடுகின்றன. கல் பதித்த கிண்ணமெல்லாம் 2024 டிசம்பருக்கு அப்புறம் பிடித்த கிறுக்கு.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறியது. டிவியில் கடலைக் காட்டினார்கள், பார்த்துவிட்டுத் தூங்கினோம். புயல் என்றால் அது கடலூர்க்காரர்கள் சமாச்சாரம், நமக்கு வறட்சிதான் என்பது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எல்லோருக்கும் உள்ள எண்ணம். இந்தப் புயல் கரையேறியும் அடங்கவில்லை, வலுவிழந்து மேற்கே நகர்ந்து வந்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் மட்டும் 50 சென்டிமீட்டர் மழை. அரூரில் 33. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு தண்ணீரில் போன வீடியோ உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும்.

மூன்றாம் நாள் கடப்பாரை போட்டு நெம்பித்தான் பட்டறைக் கதவைத் திறந்தோம். லேத் இருந்த இடத்திலேயே இருந்தது. வார்ப்பிரும்பு, எங்கே போகும்? மோட்டாருக்குள் சேறு. கடைந்து அடுக்கி வைத்திருந்த நாற்பது கட்டில் காலில் ஒன்றுகூட இல்லை. நாலு சுவரிலும் நூல் பிடித்த மாதிரி ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோடு தினசரி காலண்டரின் குறுக்கேயும் போயிருந்தது. படத்தில் இருந்த முருகன் இடுப்புக்கு மேல் பளிச்சென்று வேலோடு நின்றார், இடுப்புக்குக் கீழே பழுப்பு. அடியில் தேதி கிழிக்கிற கட்டு மொத்தமும் ஊறி ஒரே கட்டியாகிவிட்டது. வருஷத்தில் மிச்சமிருந்த நாளெல்லாம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. தம்பி டேப்பை எடுத்துத் தரையிலிருந்து கோடு வரைக்கும் அளந்தான். 4 அடி 2 அங்குலம். எதற்கு அளந்தான் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு ஆட்கள் கையில் டேப் இருந்தால் அளப்பார்கள்.

பின்னால் ஓடைக்கரையில், எங்கள் பட்டா நிலத்தில் நின்ற புளியமரம், கரை அரித்துப் போய் வேரோடு சாய்ந்திருந்தது. முதலில் வந்து கேட்டவர் கறிக்கடை அண்ணன். கறி வெட்டுகிற கட்டைக்குப் புளிதான் நிற்கும். அடிமரத்தில் இரண்டு வட்டம் கொடுத்தேன், அந்தக் காசில்தான் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். மிச்சத்தை உள்ளே கொண்டுவந்தபோது அம்மா வாசலை மறித்துக்கொண்டார். "புளியங்கட்டைய வூட்டுக்குள்ள கொண்டாராதடா, பேய் அண்டும்." பட்டறையில் போட்டால் பேய் பட்டறையோடு இருந்துகொள்ளும் என்று சமாதானம் சொன்னேன்.

வயதான புளிக்கு நடுவில் வைரம் பாய்ந்திருக்கும், அதாவது உள்மரம் முற்றி இறுகியிருக்கும். கத்தரிக்காய்த் தோலைக் கருக்கின மாதிரி ஒரு நிறம், சுற்றிலும் வெளிர் மஞ்சள். பார்க்க அழகு, உளிக்கு எமன். நார் ஒரு பக்கமாக ஓடாது, பின்னிக்கொண்டு கிடக்கும். உளியைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சாணைக்குக் கொண்டுபோக வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பத்து அங்குல அகலத்துக்கு, ஓரத்தை ஒரு அங்குலக் கனம் விட்டுக் கரடாகக் கடைந்தேன். வெட்டுமுனை தெரிகிற பக்கமெல்லாம் உருக்கிய மெழுகுவர்த்தியைப் பூசி, ரேஷன் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தேன். அடியில் பென்சிலால் எடையை எழுதினேன்: 2 கிலோ 750. வாராவாரம் எடை போடுவேன். எட்டு மாசம் கழித்து 2 கிலோ 50-ல் நின்றது, அதற்கப்புறம் இறங்கவில்லை. எழுநூறு கிராம் தண்ணீர் போயிருக்கிறது. உங்கள் தலை சுற்றுகிறதே, அந்த விலையில் முதல் பாதி இந்த எட்டு மாசம்.

இவ்வளவு பார்த்தும் விளிம்பிலிருந்து ஒரு விரிசல் பாதி உயரத்துக்கு மேல் ஓடிவிட்டது. புளி அப்படித்தான்.

கல் பற்றி எனக்கு அப்போது ஒரு மண்ணும் தெரியாது. இது கிரானைட் ஜில்லா, பாலீஷ் போடும் இடத்தில் கல்மாவு சும்மாவே கிடைக்கும் என்று ஒரு வாளி கொண்டுவந்து பசையில் குழைத்து அடைத்தேன். சிமென்ட் பூசின மாதிரி இருந்தது. பொடிக்கல்லாக உடைத்துப் போட்டேன். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் உப்புத்தாளுக்கு லேசில் அசையாது, பக்கத்து மரம்தான் தேயும். தடவிப் பார்த்தால் மரம் பள்ளமாகவும் கல் பருவாகவும் நின்றது. சுற்றும்போது உளி கல்லில் பட்டால் முனை அவ்வளவுதான். அந்தத் தூசி நுரையீரலுக்கும் எமன், கல்குவாரிக்காரர்களைக் கேளுங்கள்.

அப்புறம் உங்களை மாதிரியே எனக்கும் நீலக்கல் ஆசை வந்தது. ஆன்லைனில் டர்காய்ஸ், அதாவது வானநீலக் கல், என்று போட்டிருந்ததை வாங்கினேன், நூறு கிராம். சுத்தியலால் தட்டினால் மேலே நீலம், உள்ளே சுண்ணாம்பு வெள்ளை. என் மகள் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தாள், பஞ்சு நீலமானது. விசாரித்தால், மேக்னசைட் என்ற வெள்ளைக்கல்லுக்குச் சாயம் ஏற்றி டர்காய்ஸ் என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிற தொழிலாம். அது என்ன மேக்னசைட் என்று பார்த்தால், நம்ம சேலத்து வெள்ளைக்கல். சின்ன வயதில் சேலம் போகும்போது ரயில் ஜன்னலில் வெள்ளை வெள்ளையாகக் கரடு தெரியும், அதே கல். அதைத்தான் நான் கிராம் கணக்கில் கூரியரில் வாங்கியிருக்கிறேன்.

போய்த் தொலைகிறது என்று சாயமில்லாத வெள்ளைக்கல்லையே போட்டேன். சேலத்து மச்சான் தன் பழைய வீட்டுத் தோட்டத்தில் பாத்தி கட்டியிருந்த கல்லில் ஒரு பை கொண்டுவந்தார். இது கிரானைட் போல இல்லை, உப்புத்தாளுக்கு மரத்தோடு சேர்ந்து தேயும். கருத்த புளி வைரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தபோது நானே ஒரு நிமிஷம் லேத்தை நிறுத்திவிட்டேன்.

செய்யும் விதம் சொல்கிறேன், ரகசியமெல்லாம் ஒன்றுமில்லை. விரிசலைப் பழைய டூத்பிரஷால் சுத்தம் செய்து, உள்பக்கம் டேப் ஒட்டவேண்டும். சுற்றிலும் மரத்துக்கு முதலில் சீலர் பூச்சு அடிக்காவிட்டால் பசை ஊறி, துடைத்தாலும் போகாத கறை விழும். ரவை மாதிரி உடைத்த கல்லை முதலில் அடைத்து, இடுக்குக்கு மாவுக்கல்லைத் தூவி, தண்ணி மாதிரி இருக்கும் சூப்பர் பசையைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறி நுரைத்து வெளுத்துவிடும். சிந்தினதை நான் பனியன் துணியால் துடைத்தேன். பருத்தியில் பட்டால் அந்தப் பசை கொதிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாஸ்க் கட்டாயம். பச்சையாக மின்னுகிற மாலகைட் வாங்கினால் ரொம்ப ஜாக்கிரதை, அது செம்புக்கல், தூசி விஷம்.

இதோடு விட்டிருக்கலாம். கிண்ணத்தின் வெளிப்பக்கம் ஒரு வட்டக்கோடும் போட்டேன். லேத்தில் மற்றதெல்லாம் சிரமம், வட்டம் மட்டும் சும்மா வரும். உளியை ஆடாமல் பிடித்தால் மரமே சுற்றிவந்து கோட்டைப் போட்டுக்கொள்ளும். பட்டறைச் சுவர் உயரம் 10 அடி, அதில் வெள்ளம் விட்ட கோடு 4 அடி 2 அங்குலத்தில். கிண்ணத்தின் உயரம் 10 சென்டிமீட்டர். ஆக அடியிலிருந்து 4.2 சென்டிமீட்டரில் மூன்று மில்லிமீட்டர் பள்ளம், அதில் வெள்ளைக்கல். வாங்குகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன், இனி எழுதியிருக்கவே கூடாதோ என்றும் யோசிப்பேன்.

ஏனென்றால் போன மாசம் ஒருவர் முகத்துக்கு நேராகவே கேட்டார், "வெள்ளத்த வெச்சு வியாபாரம் பண்றீங்களா?" ஐயா, வெள்ளத்தில் என் வீட்டில் உயிர்ச்சேதம் இல்லை, அதை நான் மறைக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் ஆடு போனது, என் பட்டறையில் பொருள் போனது. என் சேதத்தை நான் கடைகிறேன். அடுத்தவர் சேதத்தைக் கடையவில்லை. இன்னொருவர், ஜப்பானில் உடைந்த கோப்பையைத் தங்கப்பொடி வைத்து ஒட்டுவார்களாமே, அந்தத் தத்துவமா என்றார். தத்துவம் எல்லாம் இல்லை. விரிசல் விட்டால் சாமான் தூக்கிப் போடுகிற மாதிரி ஆகிவிடும், எட்டு மாசம் வீண். அதனால் அடைத்தேன்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கிண்ணத்தைக் கையில் வாங்கினதும் முதல் கேள்வி, "இது கருங்காலியா?" இந்தக் கருங்காலி மாலை மோகம் வந்ததிலிருந்து கடைசல்காரனுக்கு நிம்மதி போய்விட்டது. எந்தக் கறுப்புக் கட்டையைப் பார்த்தாலும் கருங்காலி, எந்தக் கருங்காலியை உரசினாலும் சாயம். கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடமே வந்து, "கருங்காலின்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுங்க, ஆயிரம் ரூபா கூடப் போடறேன்" என்றார். புளியமரத்தைப் புளியமரம் என்று சொல்லி விற்கக்கூட இந்த ஊரில் தைரியம் வேண்டியிருக்கிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும், நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் மாமரத்துக்கு வருகிறேன். மா, புளி போலப் படுத்தாது. ஆனால் வெளியே கிடந்தால் சீக்கிரம் வண்டு துளைக்கும், பூஞ்சணம் பிடித்து உள்ளே கறுப்பு வரி ஓடும். மரம் பொதபொதவென்று ஆகாதவரை அந்த வரி அழகுதான், பயப்பட வேண்டாம். இன்றைக்கே ஊருக்குப் போன் செய்து இரண்டு முனையிலும் மெழுகு பூசச் சொல்லுங்கள், மெழுகு இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் பெயின்ட். வெயிலிலிருந்து நகர்த்தி, கீழே இரண்டு செங்கல் வைக்கச் சொல்லுங்கள். மில்லுக்குக் கொண்டுபோனால் பலகையாக அறுக்கவிடாதீர்கள். நடுப்புள்ளி வழியாக இரண்டாகப் பிளந்தால் போதும், அந்தப் புள்ளி உள்ளே இருந்தால்தான் கட்டை நாலாப்பக்கமும் வெடிக்கும். கிண்ணத்தில் சாம்பார் ஊற்றும் எண்ணமிருந்தால் கல்லும் வேண்டாம், பசையும் வேண்டாம், விரிசல் விடாத பாகத்தில் வெறும் கிண்ணமாகக் கடைந்து எண்ணெய் தேயுங்கள். அதற்கு யாரும் தலை சுற்றுகிற விலை கேட்கமாட்டார்கள்.

நீலக்கல்தான் வேண்டும் என்றால் வாங்குவதற்கு முன் ஒரு துண்டைக் கேட்டு, நகப்பூச்சு அழிக்கிற திரவம் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள்.